நம் ஊரில் தொடங்கிய உப்பு யாத்திரை: பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டப் போகிறோம்?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)

எனக்குக் கொடுத்திருப்பது 20 நிமிடம். வங்கிக் கவுன்டரில் 35 வருடம் உட்கார்ந்தவன், நேரத்துக்கு முடித்துவிடுவேன்.

2030 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நூறு ஆண்டு நிறைகிறது. அந்த யாத்திரை புறப்பட்டது நம் திருச்சியிலிருந்து. கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் கிளம்பினார்கள். நாம் தினமும் காய்கறி வாங்கவும் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் போய்வருகிற பகுதி அது. நம் குடியிருப்பில் 6-ஆம் வகுப்பிலிருந்து 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் தண்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், குஜராத் என்று சொல்லிவிடுவார்கள். திருச்சியில் என்ன நடந்தது என்று கேட்டால் மலைக்கோட்டையைச் சொல்வார்கள்.

நூற்றாண்டுக்குச் சங்கம் என்ன செய்யலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தபோது, பூங்கா வாசலில் ஒரு கிரானைட் கல்வெட்டு வைக்கலாம் என்று யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கல்வெட்டு வைத்த மறுநாள் முதல் அதை யாரும் படிப்பதில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். அதில் நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் எப்போதும் வரலாற்றைவிட நீளமாக இருக்கும். ஆகவே நான் இன்று வைப்பது வேறு ஒரு திட்டம். கல்லுக்கு முன்னால் ஒரு நடை. நாலு வருடம் நடத்திப் பார்ப்போம். அதற்குப் பிறகும் கல் வேண்டும் என்று தோன்றினால், அதில் என்ன எழுத வேண்டும் என்பது அப்போது நமக்கே தெரிந்திருக்கும்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தியடிகள் 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பு எடுத்தார். தமிழ்நாட்டில் ராஜாஜி ஏப்ரல் 13-ஐத் தேர்ந்தெடுத்தார். அன்று தமிழ்ப் புத்தாண்டு, ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாளும் கூட. திருச்சியிலிருந்து தஞ்சை மாவட்டம் வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர் சுற்றி நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பு எடுத்து ராஜாஜி கைதானார். அவருக்கு 6 மாதச் சிறை. வேதாரண்யத்தில் அவர்களுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. நடந்தவர்களில் பின்னாளில் தினமணி ஆசிரியரான ஏ.என். சிவராமன் ஒருவர். வேதாரண்யம் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அறியப்படுகிறவர். சென்னை எழும்பூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது.

இவ்வளவும் தகவல். இதை ஒரு நோட்டீஸில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம், பிள்ளைகள் அதில் ராக்கெட் செய்து விடுவார்கள். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்காக வேலை செய்த ஃப்ரீமன் டில்டன் என்பவர் 1957-இல் ஒரு புத்தகம் எழுதினார். பழைய இடங்களை மக்களுக்கு எப்படி விளக்கிச் சொல்வது என்பதுதான் அதன் பொருள். அதில் இரண்டு கருத்துகள் நமக்கு உதவும். ஒன்று, தகவலைக் கொட்டுவது விளக்கம் ஆகாது, கேட்பவரின் சொந்த வாழ்க்கையோடு அது எங்கேயாவது ஒட்ட வேண்டும். இரண்டு, பெரியவர்களுக்குச் சொல்வதைத் தண்ணீர் ஊற்றிக் குறைத்தால் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி ஆகிவிடாது, அதைத் தனியாகவே யோசித்துச் செய்ய வேண்டும். நம் ஊர் மொழியில் சொன்னால், பெரியவர்களுக்கு வைத்த குழம்பில் வெந்நீர் கலந்தால் குழந்தைக்குப் பருப்பு சாதம் ஆகாது.

அப்படியானால் இந்த யாத்திரையில் நம் வாழ்க்கையோடு ஒட்டுகிற இடம் எது? என் பதில், சோறு.

அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன் என்ற ஆங்கிலேயர். யாத்திரைக்காரர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு 6 மாதம் வரை சிறை என்று அவர் எச்சரித்தார். துண்டுப் பிரசுரம், தண்டோரா என்று அந்தச் செய்தி ஊர் ஊராகப் போனது. யோசித்துப் பாருங்கள். வழிப்போக்கனுக்குத் திண்ணை கட்டி வைத்த ஊர்கள், சத்திரம் சாவடிக்குப் பேர் போன தஞ்சாவூர்ச் சீமை. அங்கே நடந்து வருகிறவனுக்கு ஒரு பிடி சோறு போட்டால் குற்றம்!

ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் பாத்திரத்தோடு புதைத்து வைத்து, இடத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். யார் கொடுத்தது? தெரியாது, மரம் கொடுத்தது. கும்பகோணத்தில் பந்துலு அய்யர் என்பவர் மறைக்காமலே விருந்து வைத்தார், அதற்காகச் சிறைக்கும் போனார்.

ஆகவே நம் நடைக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: சோறு போடுவதே குற்றமாக இருந்த நாட்களில் சாதாரண மனிதர்கள் என்ன செய்தார்கள்? இதோடு ஒட்டாத எதையும் சேர்க்கக் கூடாது. எவ்வளவு சுவையான செய்தியானாலும் சரி.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நான் சொல்வது 2 கிலோமீட்டர் நடை. ஏப்ரல் 13-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிக்க வேண்டும். திருச்சி வெயில் 8 மணிக்கு மேல் யாரையும் தேசபக்தராக இருக்க விடாது. மொத்தம் நாலு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் வழிகாட்டி பேசுவது 5 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மீதி நேரம் பிள்ளைகளுடையது.

முதல் நிறுத்தம், கணக்கு. ஏன் உப்பு என்று கேட்கிற பிள்ளைக்குச் சொற்பொழிவு வேண்டாம், பென்சில் கொடுங்கள். 1930-இல் உப்பு வரி ஒரு மணுவுக்கு 1 ரூபாய் 4 அணா. அரசுக் கணக்கில் மணு என்பது சுமார் 37 கிலோ. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. ஆக 37 கிலோவுக்கு 240 தம்படி வரி, கிலோவுக்கு ஆறரைத் தம்படி அளவில் வரும். ஒரு ஆள் வருடத்துக்கு 5 கிலோ உப்பு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், வரி மட்டும் சுமார் 32 தம்படி. அதாவது 2 அணா 8 தம்படி.

இது பெரிய தொகையா? யாத்திரைக்கு முன் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தியடிகள் ஒரு கணக்குச் சொன்னார். இந்தியரின் சராசரி வருமானம் நாளுக்கு 2 அணாவுக்கும் குறைவு. வைஸ்ராயின் சம்பளம் நாளுக்கு 700 ரூபாய்க்கு மேல். ஏழை தன் ஒன்றேகால் நாள் வருமானத்துக்கு மேல் உப்புக்கு வரியாகக் கொடுக்கிறான். வைஸ்ராய் சாப்பிடும் உப்புக்கும் அதே 32 தம்படிதான். இதைப் பிள்ளைகளே கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கட்டும். அநியாயம் என்ற சொல்லை நாம் சொல்ல வேண்டியதில்லை, விடை வந்ததும் யாராவது ஒரு பிள்ளை சொல்லும்.

இரண்டாவது நிறுத்தம், பை. ஏப்ரல் மாதத்தில் நாளுக்குச் சராசரி 16 கிலோமீட்டர், பதினைந்து நாள் நடக்க வேண்டும், முடிவில் ஜெயில் நிச்சயம். உன் பையில் 5 பொருள் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எதை எடுப்பாய்? வீட்டில் யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவாய்? இதற்கு எந்தச் செலவும் இல்லை, பத்து நிமிடம் போவதே தெரியாது. செல்போன் சார்ஜர் என்று ஒருவன் சொல்வான், சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போகலாம்.

மூன்றாவது நிறுத்தம், எல்லை. தஞ்சை மாவட்டத்துக்குள் நுழைகிறோம் என்று பாவனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. ஒன்றில் ‘நீ கிராம மணியக்காரர், சம்பளம் கொடுப்பது அரசாங்கம்’ என்று இருக்கும். மற்ற அட்டைகளில் சத்திரத்துக் காவலாளி, மூன்று குழந்தைகளோடு தனியாக இருக்கும் தாய், சாப்பாட்டுக் கடைக்காரர், லத்தியோடு நிற்கும் போலீஸ்காரர், ஆட்சியர் தார்ன். தண்டோரா அடித்தாயிற்று. பசியோடு நூறு பேர் வருகிறார்கள். நீ என்ன செய்வாய், ஏன்?

இதில் வழிகாட்டிகளுக்கு ஒரு கண்டிப்பான விதி வேண்டும். சரியான பதில் என்று எதையும் சொல்லக் கூடாது. சோறு போட மாட்டேன், பயமாக இருக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால், யாரும் கேலி செய்யவும் கூடாது. அன்று பயந்தவர்களும் இருந்திருப்பார்கள். பயம் இருந்ததால்தானே மரத்தில் கட்டினார்கள்? தார்ன் அட்டை கிடைத்த பிள்ளையும் தன் நியாயத்தைப் பேசட்டும். அவரை வில்லனாக மீசை வைத்து நிறுத்தினால் நாடகம் நன்றாக இருக்கும், சட்டத்தின் பெயரால் ஒரு படித்த அதிகாரி எப்படி இப்படி உத்தரவு போட முடிந்தது என்ற கேள்வி போய்விடும்.

நான்காவது நிறுத்தம், மரம். நம் பூங்காவின் வேப்ப மரங்களில் முன்பே வாழை இலைப் பொட்டலங்களைக் கட்டி வைத்திருப்போம். புளியோதரை போதும், கெடாது. யார் கட்டினார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. தேடி எடுத்து வந்து எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த யாத்திரையில் உப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். ஆகவே அந்த வரிசையில் நம் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களும், வாட்ச்மேன்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் விருந்தினராக உட்கார வேண்டும். பரிமாறுவது நாம். வேலை செய்ய வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடு நம் குடியிருப்பில் இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்பார்கள். அன்று சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அடுக்களையைப் பார்ப்பார்கள். அதற்குப் பெரியவர்கள் நாம் தயாராக இருந்தால்தான் இந்த நிகழ்ச்சியை நடத்த வேண்டும். இல்லையென்றால் கல்வெட்டே மேல், அது யாரையும் எதுவும் கேட்காது.

அடுத்து, உங்களில் சிலர் என்னிடம் தனியாகச் சொன்னதற்கு வருகிறேன். ‘ராஜாஜியைக் கொண்டாட வேண்டுமா சார்? அவர் 1938-இல் பள்ளிகளில் கட்டாய இந்தி கொண்டுவந்தார், 1953-இல் அரைநாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தார்’ என்றார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டையும் எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்ததும் உண்மை. இது யாருக்கும் சிலை வைக்கும் நிகழ்ச்சி இல்லை. ஒரு பிள்ளை கேட்டால் வழிகாட்டி மழுப்பாமல் ஆம் என்று சொல்ல வேண்டும். ஒரு மனிதர் 1930-இல் செய்ததையும் பின்னால் செய்ததையும் தனித்தனியாக எடை போடலாம் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டால், அதுவும் ஒரு பாடம்தான். அன்றைக்கு மரத்தில் பொட்டலம் கட்டியவர்களுக்கு எந்தக் கட்சிக் கொடியும் கையில் இல்லை. நம் நடையிலும் கொடி, துண்டு, மேடை, மாலை எதுவும் வேண்டாம்.

நடக்க முடியாத மூத்தவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. யாத்திரையை நேரில் பார்த்தவர்கள் இனி கிடைக்க மாட்டார்கள். ஆனால் ‘என் தாத்தா சொன்னார், என் பாட்டி சோறு கட்டிக் கொடுத்தாள்’ என்று சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே 70, 80 வயதில் இருக்கக்கூடும். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்தவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இந்த வருடமே பதிவு செய்ய வேண்டும், 2030 வரை காத்திருக்கக் கூடாது. பதிவு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: நேரில் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, புத்தகத்தில் படித்தது. ஒவ்வொரு செய்தியும் அதன் பத்தியில்தான் ஏற வேண்டும். பற்று பற்றிலும் வரவு வரவிலும் ஏறினால்தானே பேரேடு சரியாக இருக்கும்? சொன்னவரின் சம்மதத்தையும் கையெழுத்தாக வாங்கிவிடுங்கள்.

ஒரு உதாரணம். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தன்னிடம் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் நிறுத்திவிட்டார். அதற்காக அவர் சிறைக்குப் போனார். மீதியை நீங்களே செய்து முடியுங்கள் என்று நீதிபதியிடம் கத்தியை நீட்டினார் என்று ஊரார் சொல்வார்கள். கத்தியை நீட்டியது ‘கேட்டது’ பத்தியில் ஏற வேண்டும். அப்படி ஏறுவதால் கதையின் சுவை குறையாது, நம் நோட்டின் மதிப்பு கூடும்.

இரண்டாவது வருடம் பஸ் வைத்து வேதாரண்யம் போகலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே ஒரு இரவு தங்க வேண்டும். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. ஊருக்குள் வேதரத்தினம் பிள்ளை 1946-இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் உப்பளம். அங்கே இன்றும் உப்பு விளைகிறது. வெயில் வேண்டும், மழைக் காலத்தில் வேலை இல்லை, 2018 கஜா புயலில் அந்தப் பகுதியே நிலைகுலைந்தது. இவற்றை உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் வாயால் பிள்ளைகள் கேட்க வேண்டும். அவரை நாம் ஒரு மணி நேரம் வேலையிலிருந்து நிறுத்துகிறோம், ஆகவே அதற்குரிய தொகையை மரியாதையாகக் கையில் கொடுக்க வேண்டும். போகிற வழியில் கோடியக்கரை மானையும் பார்த்துவிடலாம் என்று யாரும் சேர்க்காதீர்கள். மானைப் பார்த்த பிள்ளைக்கு உப்பு மறந்துவிடும்.

வழியைக் காட்ட என்ன செய்வது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1951-இல் ஒரு பத்திரிகையாளர் சொன்ன யோசனையில் உருவான நடைபாதை இருக்கிறது. இன்று 16 வரலாற்று இடங்களைத் தரையில் ஒரு சிவப்புக் கோடு இணைக்கிறது. கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும், சுமார் 4 கிலோமீட்டர். நமக்குச் சிவப்புப் பெயின்ட் வேண்டாம், மாநகராட்சி அனுமதியும் வேண்டாம். முதல் நாள் மாலை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து, தெரு ஓரமாக அரிசி மாவில் 2 கிலோமீட்டருக்கு ஒரு கோலக் கோடு இழுக்கட்டும். ஆண்களும் இழுக்கலாம், தடை இல்லை. இரண்டு நாளில் எறும்பு சாப்பிட்டுவிடும். உப்பிலேயே போடலாமே என்று ஒருவர் கேட்டார், செடிகள் கருகிவிடும்.

செலவைச் சொல்கிறேன், பொருளாளர் குறித்துக்கொள்ளவும். பிள்ளைகள் 40, பெரியவர்கள் 20, விருந்தினர் 10, ஆக 70 பொட்டலம். 50 ரூபாய் வீதம் 3,500. அட்டை, கணக்குத் தாள் அச்சடிக்க 1,200. மோர், தண்ணீர் 1,500. முதலுதவி 800. கையடக்க ஒலிபெருக்கி வாடகை 700. கோல மாவு 300. மொத்தம் 8,000 ரூபாய். கல்வெட்டுக்கு வந்திருக்கும் விலைப்புள்ளி 85,000. அந்தப் பணத்தில் பத்து வருடம் நடக்கலாம். வேதாரண்யம் பயணச் செலவை வருகிறவர்களே பகிர்ந்துகொள்வார்கள்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. 10 பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள், ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம். பெற்றோர் கையெழுத்து. பழைய வீடுகளின் முன் நின்று விளக்குவதோடு சரி, இன்று அங்கே இருப்பவர்களின் அனுமதி இல்லாமல் உள்ளே போவதோ படம் எடுப்பதோ கூடாது.

முடிந்த பிறகு, நன்றாக இருந்ததா என்று கேட்கக் கூடாது. மரியாதைக்காவது நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்துப் பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்போம். உப்பு வரியில் என்ன அநியாயம்? சோறு போட்டவர்கள் எதை இழக்கத் துணிந்தார்கள்? பாதிப் பேருக்கு மேல் தங்கள் சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் நிகழ்ச்சி வெற்றி. இல்லையென்றால் அடுத்த வருடம் மாற்றிச் செய்ய வேண்டும். கணக்கு நேராகாமல் கவுன்டரை மூடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

எனக்கு வேண்டியது உங்களிடமிருந்து மூன்று. வழிகாட்டியாக 8 பேர், பேச்சாளர்கள் வேண்டாம், கேட்கத் தெரிந்தவர்கள் போதும். பதிவு நோட்டுக்கு 2 பேர், அவர்களில் ஒருவராவது கல்லூரி மாணவராக இருந்தால் நல்லது. பொட்டலம் கட்ட 5 வீடுகள். அந்த 5 வீடுகள் எவை என்பது எனக்குக்கூடத் தெரிய வேண்டாம், செயலாளரிடம் மட்டும் சொல்லுங்கள்.

கல்லா நடையா என்பதை அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு விடுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் அந்த 32 தம்படிக் கணக்கை ஒரு முறை போடச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு ஓட்டுப் போடுங்கள்.